பக்கத்துப் பலகையையும் பார்க்கும் ஆட்டம்

படப்பைக்காரர்கள் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய மாமல்லபுரத்தில், 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. தனியாள் ஆட்டமான சதுரங்கம் அங்கே அணி விளையாட்டானது.

அணிக்கு ஐந்து பேர். சுற்றுக்கு நால்வர் ஆடுவார்கள். யாருக்கு எந்தப் பலகை என்ற வரிசையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், நடுவில் மாற்ற முடியாது. ஒருவர் ஓய்வெடுத்தால் அவருக்குக் கீழே உள்ளவர்கள் ஒரு பலகை மேலே போவார்கள். வென்றவருக்கு 1, டிரா என்றால் ஆளுக்கு ½. நான்கையும் கூட்டி இரண்டரையைத் தொட்ட அணிக்கு 2 புள்ளி. 4–0 என்று வென்றாலும் அதே இரண்டுதான். 2–2 என்றால் இரு அணிக்கும் ஒவ்வொன்று.

பாட்மிண்டனின் தாமஸ் கோப்பையில் ஐந்து ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதே 2022இல் இந்தோனேசியாவை இந்தியா 3–0 என வென்றதும் மற்ற இரண்டும் தேவைப்படவில்லை. செஸ்ஸில் நான்கும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. தன் நிலை சமமாக இருந்தாலும், பக்கத்தில் தோழர் தோற்றுக்கொண்டிருந்தால் துணிந்து ஆடத்தான் வேண்டும். கேப்டன் டிரா கேட்கச் சொல்லலாம். காய் நிலையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

மாமல்லபுரத்தில் இந்திய இரண்டாம் அணியின் முதல் பலகையில் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். அவற்றில் ஒன்று ஆறாவது சுற்றில் ஆர்மீனியாவுக்கு எதிராக. அவர் வென்றும் அணி 1½–2½ எனத் தோற்றது. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம், வெல்ல வேண்டிய ஆட்டத்தைக் குகேஷ் தவறவிட்டுத் தோற்றார். பிரக்ஞானந்தா வென்றதால் 2–2. குகேஷ் டிரா செய்திருந்தால் அணி வென்றிருக்கும். ஆனால் வெற்றியைத் தேடி ஆடியதை என்னால் குறைசொல்ல முடியவில்லை. அந்த எட்டு வெற்றிகளும் அதே துணிச்சலில் வந்தவை. உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது, நம் இளைஞர்கள் வெண்கலம். முதல் பலகைக்கான தனிநபர் தங்கம் குகேஷுக்கே. 2024இல் புடாபெஸ்டில் இந்தியா பொதுப் பிரிவு, மகளிர் பிரிவு இரண்டிலும் தங்கம் வென்றது.

படப்பை, ஒரகடம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களே, தனிநபர் போட்டியோடு நிறுத்திவிடாமல் பள்ளிக்கு நால்வர் கொண்ட அணிப் போட்டியும் நடத்துங்கள். ஓர் ஆட்டத்துக்கு நான்கு பலகை, நான்கு கடிகாரம் போதும்.