மூளையின் தாளமும் நிரோதத்தின் பங்கும்

ஜெர்மனியின் யேனா நகரிலே உளமருத்துவராகப் பணியாற்றிய ஹான்ஸ் பேர்கர், மனித மூளையின் மின்னலைகளை 1924இல் முதன்முதலாகப் பதிவுசெய்து 1929இல் வெளியிட்டார். கண்மூடி அமைதியாயிருப்பவரின் தலையிலிருந்து செக்கனுக்கு ஏறத்தாழ 10 தடவை எழுந்து விழும் அலையொன்று பெறப்பட்டது. கண் திறந்ததும் அது பெரிதும் தணிந்தது. மூளையின் தாளங்களைக் காண்போர் மனத்தில் எழும் முதல் வினா, இத்தாளத்தைப் போடுவது எது என்பதே. இருதயத்துக்கு அதற்கென ஓர் இழையம் உண்டு. செக்கனுக்கு 30 தொடக்கம் 80 வரையான மீடிறனுடைய காமா எனப்படும் தாளத்தை எடுத்துக்கொண்டால், அத்தகைய தலைமை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை என்பது தெரியவருகிறது.

மூளைய மேற்பட்டையிலுள்ள நரம்புக் கலங்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அருட்டுவன. குளுத்தமேற்றைச் சுரந்து அடுத்த கலத்தைச் செயலுக்குத் தூண்டுவன. எஞ்சியவை நிரோதிப்பன, காபா என்னும் பொருளைச் சுரந்து அடுத்த கலத்தைத் தடுப்பன. நிரோதம் என்பது வெறும் செயலின்மையன்று, தன்னளவிலே ஒரு செயல் என்பதைத் தெளிவுறுத்தியவர் சாள்ஸ் ஷெரிங்டன். எமது நாட்டிலும் தென்னிந்தியாவிலும் வளரும் எட்டி மரத்தின் விதையிலுள்ள நஞ்சு இதற்கு நல்ல சான்று. அது உடலுக்குப் புதிய விசை எதனையும் ஊட்டுவதில்லை. முண்ணாணில் நிகழும் நிரோதத்தைத் தடுத்துவிடுகிறது, அவ்வளவே. பின்னர் சிறு ஒலிகூட உடல் முழுவதையும் வலிப்பில் முறுக்கிவிடும்.

தாளம் பிறக்கும் முறை வருமாறு: அருட்டற் கலங்கள் பல ஒருங்கே செயற்படுகையில், அண்மையிலுள்ள நிரோதக் கலங்களையும் அவை தூண்டிவிடுகின்றன. சில மில்லிசெக்கன்கள் கழித்து நிரோதக் கலங்கள் செயற்பட்டு, தம்மைத் தூண்டியவற்றையே அடக்குகின்றன. அருட்டல் நின்றதும் நிரோதக் கலங்களும் தூண்டுவாரின்றி ஓய்கின்றன. நிரோதம் தேய்ந்ததும் அருட்டற் கலங்கள் மீண்டும் எழுகின்றன. ஒரு நிரோதக் கலம் நூற்றுக்கணக்கான அருட்டற் கலங்களைத் தொடுவதால், அவை ஒரே வேளையில் அடங்கி ஒரே வேளையில் விடுபடுகின்றன. சுற்றொன்றுக்கு 25 மில்லிசெக்கன் எனின், செக்கனுக்கு 40 சுற்றுகள்.

அருட்டும் தரப்பே தாளத்தின் கர்த்தா என்று கருதுவதற்கும் இடமில்லை. எலியின் ஹிப்போகம்பசு வெட்டுத்துண்டுகளை ஆராய்ந்த விட்டிங்டன், ட்ரோப், ஜெஃப்ரீஸ் ஆகியோர், நிரோதக் கலங்களின் வலையமைப்புத் தனித்தே ஏறத்தாழ 40 மீடிறனில் அலையக்கூடும் என 1995இல் காட்டினர். அம்மீடிறனை நிர்ணயித்தவற்றுள் நிரோதம் தேயும் வேகமும் ஒன்று. 2009இல் ஜெசிக்கா கார்டின் முதலானோர் சுண்டெலியின் மேற்பட்டையில் இருவகைக் கலங்களையும் வெவ்வேறாக ஒளியினால் இயக்கினர். நிரோதக் கலங்களை இயக்கியபோது காமா வலுப்பெற்றது. அருட்டற் கலங்களை இயக்கியபோது தாழ்ந்த மீடிறன்களே வலுப்பெற்றன.

எங்கெல்சின் 'இயற்கையின் இயக்கவியல்' நூலைக் கற்றோர்க்கு எதிர்நிலைகளின் ஐக்கியம் இவ்விடத்தே நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின் சூத்திரத்தைப் பொருத்திவிட்டு நின்றுவிடுவது விஞ்ஞானமாகாது. 40 என்ற எண் எந்தச் சூத்திரத்திலிருந்தும் கிடைக்கவில்லை, அளந்தே பெறப்பட்டது. மறுபுறத்தில், இவ்விருதரப்பு உறவைச் 'சமநிலை' என்று மட்டும் கூறிவிடும் வழக்கமும் எமக்கு ஏற்புடையதன்று. சமூகவியலில் இச்சொல் எவற்றையெல்லாம் மூடிமறைத்தது என்பதை நாம் அறிவோம். இங்கும் அது காலத்தை மறைத்துவிடுகிறது. நிரோதம் சற்றுப் பிந்தி வருகிறது. அப்பிந்துதலே அலைவுக்கு இடந்தருகிறது. வில்சனும் கோவனும் 1972இல் இவ்விருவகைக் கலத்தொகுதிகளுக்கும் இரு சமன்பாடுகளை எழுதினர். மாறிலிகளின் பெறுமதிகளைப் பொறுத்து அதே சமன்பாடுகள் ஓய்வையும் தருகின்றன, ஓயாத அலைவையும் தருகின்றன.