பழவேற்காட்டுப் பாடும் பழைய மடிக்கணினியும்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் நண்பர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவருடைய மகள் ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்து, "பாதி சைட் திறக்கவே மாட்டேங்குது, மாமா" என்றாள். இரண்டாம் கையாக வாங்கியது. பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத லினக்ஸ் இயங்குதளம். திரையிலோ விசைப்பலகையிலோ பழுதில்லை. ஆனாலும் தளத்துக்குத் தளம் 'இணைப்பு பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை.

காரணம் எளியது. ஓர் இணையதளம் உண்மையானதுதானா என்று சோதிக்க, நம்பத்தக்க மூலச் சான்றிதழ்களின் பட்டியல் கணினிக்குள் இருக்கிறது. அந்தப் பட்டியலும் ஒரு மென்பொருள் பொதிதான். கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசச் சான்றிதழ் வழங்கும் 'லெட்ஸ் என்கிரிப்ட்' தொடக்கத்தில் சார்ந்திருந்த மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. பட்டியல் புதுப்பிக்கப்பட்டிருந்த கணினிகளில் யாரும் அதை உணரவில்லை. மற்றவற்றில் பல தளங்களின் கதவு சாத்திக்கொண்டது.

இப்போது புதுப்பித்தால் போதாதா? போதாது. ஆதரவுக் காலம் முடிந்த வெளியீட்டின் களஞ்சியம் ஆவணக் கிடங்குக்கு மாற்றப்பட்டுவிடும். பழைய முகவரியைத் தேடிச் செல்லும் கணினி வெறுங்கையோடு திரும்பும்.

கட்டற்ற மென்பொருளை எழுதுபவர் ஒருவர். அதைப் பொதியாக்கி டெபியன், ஃபெடோரா, உபுண்டு போன்ற வழங்கல்களில் சேர்ப்பவர் பெரும்பாலும் இன்னொருவர். டெபியனின் 12ஆம் வெளியீட்டில் மட்டும் 64 ஆயிரத்துக்கு மேற்பட்ட பொதிகள். புதுப்பித்தல் என்றால் புதிய பதிப்பைக் கொண்டுவந்து வைப்பது என்றே பலரும் கருதுகிறோம். நிலைத்த வெளியீடுகளில் அப்படி நடப்பதில்லை. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளிப்பட்டபோது, ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவினர் 1.0.1ஜி என்ற புதிய பதிப்பில் அதை அடைத்தார்கள். டெபியனோ தன் நிலைத்த வெளியீட்டிலிருந்த 1.0.1இ பதிப்பை வைத்துக்கொண்டே, திருத்தத்தை மட்டும் அதில் சேர்த்தது. கிழிந்த கண்ணிகளை மட்டும் முடிந்து அதே வலையைக் கடலுக்கு எடுத்துச் செல்வதைப் போன்றது இது. வலையையே மாற்றினால், அதை நம்பியிருக்கும் பிற பொதிகள் குலையும். ஆகவே, பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து 'பழையது, ஆபத்தானது' என்று தணிக்கைக் குறிப்பு எழுதுவது அறியாமை. வழங்கல்களின் பதிப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் 'ரெப்பாலஜி' போன்ற தளங்கள் பயனுள்ளவையே. பதிப்பு எண்ணுக்குள் மறைந்திருக்கும் முடிச்சுகளை அந்த ஒப்பீடு காட்டிவிடாது.

ஆகப் புதியதே ஆகப் பாதுகாப்பானது என்பதும் இல்லை. 2024 மார்ச் 29 அன்று, ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் 'எக்ஸ்இசட்' என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு இருப்பதை வெளியிட்டார். தொலைக் கணினிக்குள் நுழைவது சுமார் அரை நொடி தாமதமானதே அவருக்குக் கிடைத்த துப்பு. அம்மென்பொருளை ஏறத்தாழத் தனியாளாகக் காத்துவந்த தன்னார்வலர் களைத்திருந்தார். உதவ வந்தவர்போல ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர்தான் அதை வைத்தவர். டெபியனின் சோதனைக் கிளைவரை வந்த அப்பதிப்பு, நிலைத்த வெளியீட்டை எட்டவில்லை.

இதைப் படித்தபோது எனக்குப் 'பாடு' நினைவுக்கு வந்தது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில், ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. ஒருவர் முறை முடிந்தால் அடுத்தவர் யார் என்பதில் ஐயமில்லை. பாட்டில் பெயரில்லாதவர்களின் மனக்குறையும் பூசலும் உண்டு. அதைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. ஆனால் எக்ஸ்இசட்டுக்கு அடுத்த பெயர் என்று ஒன்று இல்லவே இல்லை. பராமரிப்பாளர் விலகிய பொதிகளை டெபியன் 'அனாதை' என்றே பட்டியலிட்டு, ஏற்பவரைத் தேடுகிறது.

நமக்கும் இதில் பங்குண்டு. சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. எழுதியவரிடமிருந்து டெபியன், அங்கிருந்து பாஸ், பிறகு பயனர் எனத் திருத்தம் மடைமடையாக இறங்கிவர வேண்டும். டெபியனின் ஒரு வெளியீட்டுக்கு நீண்டகால ஆதரவையும் சேர்த்து ஐந்தாண்டு ஆயுள். ஏழை வீட்டில் மடிக்கணினி அதைவிட நெடுநாள் உழைக்கிறது. 2011இல் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினி அல்லது மடிக்கணினி என்று 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அவற்றின் பொதிகளை ஏழாவது ஆண்டில் யார் புதுப்பிப்பார்கள்? இத்தகைய திட்டங்களின் செலவில் ஒரு சிறு துளியை ஒதுக்கினால், தமிழ்நாட்டிலேயே முழுநேரப் பொதிப் பராமரிப்பாளர்களை அமர்த்த முடியும்.

நண்பரின் மகளுடைய கோப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டு, டெபியன் 13ஐ நிறுவினேன். நல்லவேளையாக அது 64 பிட் கணினி. 32 பிட் கணினிகளுக்கு இந்த வெளியீட்டில் நிறுவியே கிடையாது. கைபேசி இணைப்பில் மாலைவரை நேரம் பிடித்தது. வாரந்தோறும் இட வேண்டிய கட்டளையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

"எத்தனை நாளைக்கு மாமா தாங்கும்?" என்றாள்.

"2030 ஜூன் வரைக்கும்" என்றேன். அவள் அதையும் அந்தத் தாளிலேயே எழுதிக்கொண்டாள்.