ஹெரால்டும் சலவைச் சோடாவும்

புதுச்சேரி முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பின்பக்கக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறதாம். காயலான் கடைக்காரர் எடைக்கு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கை வைக்க எந்த மெக்கானிக்கும் தயாராக இல்லை. ‘நானே வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியுமா?’ என்று கேட்கிறார்.

முடியும். எல்லாப் பழைய கார்களுக்கும் இப்படித் துணிந்து சொல்ல மாட்டேன், ஹெரால்டுக்குச் சொல்வேன். அந்தக் கார் பிறந்த விதம் அப்படி. 1950-களில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாக அடித்துத் தர வேறு ஆள் கிடைக்கவில்லை. ஆகவே கீழே தனியாக ஒரு சேஸிஸ் வைத்து, வெவ்வேறு இடங்களில் செய்து வாங்கிய பாகங்களை அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1959-ல் வந்த அந்தக் கார், 1961 முதல் வண்டலூர் ஆலையிலும் உருவானது. நான்கு கதவு வைத்த ஹெரால்டு பின்னாளில் இங்கே மட்டும்தான் செய்யப்பட்டது. 1972-ல் அதன் இடத்துக்கு கேஸல் என்ற கார் வந்தது.

நெருக்கடியில் போல்ட் போட்டுப் பூட்டியதை எளிதாகப் பிரிக்கலாம் என்பதுதான் நமக்கு லாபம். பானட்டும் இரண்டு மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே 948 சி.சி. இஞ்சினில் வேலை பார்க்கலாம். முன் சக்கரம் வெகுவாகத் திரும்பும் என்பதால் 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம். நம் ஊர்ச் சந்துகளுக்கென்றே செய்தது போலத் தோன்றும்.

இஞ்சினைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும்: நின்றுபோன இஞ்சினை ஸ்டார்ட்டரில் உசுப்பாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு ஊறவிட்டு, பிறகு ஸ்பானர் கொண்டு கையால் சுற்றிப் பாருங்கள். போல்ட்டுகளெல்லாம் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் தலை மழுங்கும். உதிரிபாகம் கிடைக்காது என்று பயப்படவும் வேண்டாம். இதே சேஸிஸ் வழியில் வந்த ஸ்பிட்ஃபயர் கார் 1980 வரை தயாரானதால் இங்கிலாந்தில் இன்றும் பல பாகங்கள் புதிதாகவே செய்து விற்கிறார்கள். சென்னை புதுப்பேட்டையிலும் தேடிப் பார்க்கலாம்.

உண்மையான எதிரி துரு. அதிலும் புதுச்சேரித் துரு. ஈரமும் காற்றும் இருந்தாலே இரும்பு துருப்பிடிக்கும். கடற்காற்றின் உப்பு, தகட்டின் மேலிருக்கும் ஈரத்தை மின்சாரம் நன்றாகக் கடத்தும் நீராக்கிவிடுவதால் வேலை பல மடங்கு வேகமாக நடக்கிறது. துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். இரண்டு தகடு சேரும் மடிப்புக்குள் புகுந்துவிட்டால் அதுவே அவற்றை நெம்பிப் பிரிக்கும். ஹெரால்டில் முதலில் பார்க்க வேண்டியவை, சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டி பாடியைத் தாங்கும் கிளைச் சட்டங்கள். ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை வெட்டிப் புதிது பற்றவைத்தாக வேண்டும்.

பற்றவைக்கும் நிலைக்குப் போகாத பாகங்களுக்கு, என்னை இன்றும் வியக்கவைக்கும் ஒரு வழி இருக்கிறது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா கரையுங்கள். துருப்பிடித்த பாகத்தைத் தொங்கவிட்டு, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகடிவ் கிளிப்பை அதில் மாட்டுங்கள். பாசிடிவ் கிளிப், அதே தொட்டியில் இறக்கிய ஒரு வேண்டாத இரும்புத் தகட்டுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. சுவிட்சைப் போட்டதும் துருப்பிடித்த பாகத்திலிருந்து பொடிப்பொடியாக நுரை கிளம்பும். சில மணி நேரத்தில் தண்ணீர் பழுப்பேறும். மறுநாள் எடுத்துப் பார்த்தால், செம்பழுப்பாக இருந்த துரு கறுத்துத் தளர்ந்திருக்கும். கம்பி பிரஷால் தேய்த்தாலே போகும். மின்சாரம் துருவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி அதைக் கறுப்பு ஆக்சைடாக மாற்றுகிறது. நுரையாக வரும் ஹைட்ரஜன் தளர்ந்த துருவை அடியிலிருந்து தள்ளிவிடுகிறது. அமிலத்தில் போட்டால் நல்ல இரும்பும் கரையும். இதில் நல்ல இரும்பு அப்படியே நிற்கும். அதுதான் இந்த முறையின் அழகு.

கவனம் வேண்டியவையும் உண்டு. ஹைட்ரஜன் தீப்பற்றும், கதவடைத்த அறையில் செய்யாதீர்கள், பக்கத்தில் பீடி வேண்டாம், சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பைத் தொடுங்கள். பாசிடிவ் பக்கம் எவர்சில்வர் தட்டை மாட்டாதீர்கள். அதிலுள்ள குரோமியம் கரைந்து கடும் நஞ்சாகும். சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். ஸ்பிரிங் போன்ற கடினப்படுத்திய எஃகைப் போட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து நொறுங்கும்படி செய்துவிடலாம். பேட்டரி இல்லாமல் கரண்ட் விடாத புதுவகைத் தானியங்கி சார்ஜர் இதற்கு உதவாது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்தான் சரி. வெளியே எடுத்த பாகத்தை உடனே துடைத்து, காயவைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நம் ஊர்க் காற்றில் அன்று மாலையே மறுபடி செம்மை படரத் தொடங்கும்.

இவ்வளவு எதற்கு, டிங்கரிங் கடையில் விட்டால் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்துத் தருவார்களே என்பார்கள். எங்கள் தாத்தா காலத்துச் சுண்ணாம்பு வீட்டில் ஒரு சுவர் மட்டும் உப்புப் பூத்தது. அதன்மேல் சிமெண்டு பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்க, இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பத்தை பத்தையாகக் கழன்று விழுந்தது. துருமேல் வைக்கிற பட்டியும் இப்படித்தான். மேலே பளபளக்கும், அடியில் தகடு தின்னப்பட்டுக்கொண்டே இருக்கும். கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் வாசல் அலங்காரத்துக்காகப் புதுப்பெயிண்டுடன் திறந்தவெளியில் நிற்கும் பழைய கார்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. படம் எடுக்க அழகாக இருக்கலாம். ஆனால் அது ஒரு இயந்திரம். அதைச் செய்தவர்கள் ஓடுவதற்காகச் செய்தார்கள். காயலான் கடைக்குப் போடுவதாவது வெளிப்படையான முடிவு.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ரப்பர் பாகங்கள், குழாய்கள், ஆயில் எல்லாமே புதிதாக வேண்டும். முடித்தபின் அனுபவமுள்ள ஒருவர் பார்க்கட்டும். பெட்ரோல் குழாய்களையும் மாற்றுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே படுக்காதீர்கள்.

சட்டப் பக்கமும் உண்டு. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டு தாண்டி, சேஸிஸ், பாடி, இஞ்சின் பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால் ‘விண்டேஜ்’ என்று பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் ‘வி.ஏ.’ எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்குக் கூடாது. ஆகவே முதலில் அப்பாவின் பீரோவில் பழைய ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். சேஸிஸ் எண் பொறித்த சின்னத் தகட்டைப் பெயிண்ட் வேலைக்கு முன்பே கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். துருப்பிடித்தது போலத் தெரிந்தாலும் அதைச் சோடாத் தொட்டியில் போடாதீர்கள்; அலுமினியமாக இருந்தால் கரைந்துபோகும், எண்ணும் அதோடு போய்விடும்.