கல்லாவில் இருப்பதெல்லாம் நம் பணம் அல்ல



இரவு கடை சாத்தும்போது கல்லாவில் 8,000 ரூபாய் இருந்தால், 8,000 ரூபாய் சம்பாதித்துவிட்டதாகவே மனம் எண்ணுகிறது. அதில் பெரும்பகுதி மொத்த வியாபாரிக்குச் சேரவேண்டிய முதல் என்பதை மறந்துவிடுகிறோம். சிறு வணிகர் பலரின் குடும்ப நிம்மதி கெடுவது இந்த மறதியால்தான்.

நானும் அப்படி இருந்தவன்தான். பிள்ளைகள் இருவரும் சிறியவர்கள். பால்காரருக்கும் கல்லாவிலிருந்து கொடுப்பேன், மருத்துவருக்கும் கல்லாவிலிருந்தே கொடுப்பேன். வீட்டுக்குப் போகும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் கணக்கே கிடையாது. ஒரு ஜூன் மாதம் பள்ளிக் கட்டணமும் மொத்தக் கடைப் பாக்கியும் ஒரே வாரத்தில் வந்து நின்றன. துணைவியாரின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. "வியாபாரம் நன்றாகத்தானே நடக்கிறது, பணம் எங்கே போகிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஊருக்கெல்லாம் பற்று எழுதிய நான், என் வீட்டுக்கு எழுதவில்லை!

அன்றே வீட்டின் பெயரில் ஒரு பற்று நோட்டுப் போட்டோம். இருவரும் பேசிச் சில முறைகளை வகுத்துக்கொண்டோம்.

முதலாவது, எனக்கு மாதச் சம்பளம். கடையின் நிகர லாபத்துக்குள் ஒரு தொகையை 1ஆம் தேதி துணைவியாரிடம் கொடுத்துவிடுவேன். அதன்பின் வீட்டுச் செலவுக்காகக் கல்லாவில் கை வைப்பதில்லை.

இரண்டாவது, வீட்டுக்கு எடுக்கும் சாமான் ஒவ்வொன்றும் கொள்முதல் விலையில் பற்றில் ஏறும். மாத முடிவில் அது சம்பளத்தில் கழியும்.

மூன்றாவது, தெரிந்த செலவுக்கு முன்கூட்டியே ஒதுக்குவது. பள்ளிக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் ஆகுமென்றால் நாளுக்கு 33 ரூபாய்தான். அது தனி உண்டியலுக்குப் போகும்.

சிக்கனம் என்பது பிள்ளைகளின் தட்டில் கை வைப்பதல்ல. பாலையும் முட்டையையும் கீரையையும் நாங்கள் குறைக்கவில்லை. குறைந்தது கடையில் தொங்கிய பாக்கெட் தீனி. இரு பிள்ளைகளுக்கும் நாளுக்கு ஆளுக்கொரு 10 ரூபாய்ப் பாக்கெட் என்றால் மாதம் 600 ரூபாய்! அந்த இடத்தில் வறுத்த வேர்க்கடலையும் வெல்லம் சேர்த்த பொட்டுக்கடலை உருண்டையும் வந்தன. உருண்டை பிடிப்பதே பிள்ளைகளுக்கு விளையாட்டாயிற்று. ஞாயிறு பிற்பகல் கடைக்கு விடுமுறை. பிள்ளைகளோடு இருப்பதற்குச் செலவேதும் இல்லை.

இளம் குடும்பத்தார் இன்னும் இரண்டைக் கவனிக்கவேண்டும். 10 வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை இருந்தால், 2015இல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு நடக்கும். அடுத்து, 18 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் வங்கிக் கணக்கு வழியே பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய்க் காப்பீடு. கடையே ஒருவரை நம்பி நடக்கும் நம்மைப் போன்றோருக்கு இது அவசியம்.

பத்தாம் மாதம் சங்கிலி வீடு திரும்பியது. வியாபாரம் பெருகிவிடவில்லை, வருமானமும் பழையதுதான். மாறியது கணக்கு மட்டுமே. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர்கள். அளப்பது நமக்குக் கைவந்த தொழில். அந்தப் படியை வீட்டுக்கும் கொண்டு செல்வோம்!