வீட்டைத் தள்ளும் லாரி!

அமெரிக்காவில் விடுமுறை வந்துவிட்டால் பலர் ஓட்டலைத் தேடுவது இல்லை. வீட்டையே கூட இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்!

அந்தச் சக்கர வீட்டுக்கு "டிராவல் டிரெய்லர்" என்று பெயர். படுக்கை, அடுப்பு, குளியல் அறை எல்லாம் அதற்குள் உண்டு. வாலி பயாம் என்பவர் 1931-ம் ஆண்டில் தொடங்கிய "ஏர்ஸ்ட்ரீம்" கம்பெனியின் அலுமினிய டிரெய்லர்கள் உலகப் புகழ் பெற்றவை. 1959-ம் ஆண்டில் ஒரு பெரிய கூட்டமே இந்த டிரெய்லர்களோடு ஆப்பிரிக்காவின் கேப் டவுனில் இருந்து கெய்ரோவுக்குப் புறப்பட்டது.

இழுப்பது எளிது. நிறுத்துவதுதான் தலைவலி!

எதிர்ப்பக்கம் ஓடும் வால்

பெரிய டிரெய்லர் 9 மீட்டர் நீளம் இருக்கும். எடை 3 ஆயிரம் கிலோவைத் தாண்டும். அதை லாரியின் பின்னால் கட்டி, பின்னோக்கித் தள்ளினால் என்ன ஆகும்? ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால், டிரெய்லரின் வால் இடப்பக்கம் ஓடும்! டிராக்டரில் டிரெய்லரைக் கட்டி ரிவர்ஸ் எடுக்கும் நம் ஊர் டிரைவர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான்.

அது மட்டுமா? லாரியின் மூக்கு அகலமாக வீசித் திரும்பும். குறுகிய தெருவில் எதிர்வீட்டுச் சுவர் இடிபடும்.

முன்னால் ஒரு கொக்கி

இதற்கு ஒரு வழி இருக்கிறது. லாரியின் முன்பக்கச் சட்டத்தில் ஒரு கொக்கியை போல்ட் போட்டு மாட்டுகிறார்கள். வீடு வந்ததும் டிரெய்லரைக் கழற்றி, லாரியைத் திருப்பி, மூக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு மெல்லத் தள்ளுகிறார்கள்.

லாபம் என்ன? கழுத்தைத் திருப்ப வேண்டாம். கொக்கி கண் எதிரே இருக்கிறது. திரும்பும் சக்கரங்களும் கொக்கிக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அசைத்தாலே கொக்கி நகர்கிறது. அங்குலம் அங்குலமாக நகர்த்தலாம். வால் எதிர்ப்பக்கம் போவது என்னவோ பழையபடிதான். ஆனால் அது போகத் தொடங்கும்போதே தெரிந்துவிடுகிறது.

படகை ஆற்றில் இறக்குகிறவர்களும் இந்த முறையைக் கையாளுகிறார்கள். லாரியின் பின் சக்கரங்கள் ஈரத்தில் வழுக்காமல் மேட்டிலேயே நிற்கும் அல்லவா!

எடை எவ்வளவு?

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. டிரெய்லரின் எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு வரை கொக்கியின் மேல் உட்காரும். 3 ஆயிரம் கிலோ டிரெய்லர் என்றால், 300 முதல் 450 கிலோ! கடையில் விற்கும் முன் கொக்கிகளில் பல, 500 பவுண்டு, அதாவது சுமார் 227 கிலோ வரைதான் தாங்கும்.

ஆகவே, கொக்கியில் பொறித்துள்ள எடையை முதலில் பாருங்கள். முன் அச்சு தாங்கும் எடை, டிரைவர் பக்கத்துக் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும். இரண்டில் எதை மீறினாலும் மாட்டக்கூடாது.

இன்னொன்று. முன்பக்கம் பாரம் ஏறினால் பின் சக்கரங்களின் பிடி குறையும். புல்தரையில் அவை வெறுமனே சுழலும். நான்கு சக்கரமும் இழுக்கும் லாரியானால் நல்லது.

டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் தரும் இணைப்பு லாரியின் பின்னால்தான் இருக்கும். முன்னால் மாட்டும்போது தனி ஒயர் இழுக்காவிட்டால், டிரெய்லருக்கு பிரேக் கிடையாது! சரிவான இடத்தில் இந்த வேலையே வேண்டாம். கொக்கியைக் கழற்றும் முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க மறக்காதீர்கள். நெடுஞ்சாலையில் போக முன் கொக்கி உதவாது. அது கொல்லைப்புற வேலைக்கு மட்டுமே.

யார் கண் பார்க்கும்?

"எல்லாம் கண்முன் தெரிகிறதே, துணைக்கு ஆள் எதற்கு?" என்று எண்ணிவிடக்கூடாது. தெரிவது டிரெய்லரின் இந்த முனைதான். அந்த முனையில் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டு இருந்தால், நடுவில் நிற்கும் வீடே அதை மறைத்துவிடும்!

அங்கே ஒருவர் நின்று கை காட்ட வேண்டும். அவர் டிரைவரின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் படவில்லையா? உடனே பிரேக்!