கல்தூணைக் கடந்த கால்கள்

உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த இருபத்தெட்டு வருஷமும் எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபெபே பிகிலாவின் கதையை ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லியிருக்கிறேன். “ஷூ வாங்கக் காசில்லாத ஏழை, வெறுங்காலோடு ஓடி ஒலிம்பிக் மாரத்தானில் ஜெயித்தார்” என்பேன். அது தவறு என்று பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1960 ஒலிம்பிக்குக்காக ரோமில் வாங்கிய புது ஷூ அவர் காலைக் கடித்துக் கொப்புளம் போட்டது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர் என்பதால், ஷூவே வேண்டாம் என்று அவரும் பயிற்சியாளர் ஒன்னி நிஸ்கானனும் முடிவெடுத்தார்கள். நான் சொல்லாமல் விட்ட கதை இதைவிடப் பெரிது.

1935 அக்டோபரில் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. கறுப்பு மக்களுக்கு நாகரிகம் கொண்டுபோகிறோம் என்று சொல்லிக்கொண்டே விமானத்திலிருந்து கடுகு வாயுவைப் பொழிந்தார்கள். 1936 மே மாதம் அடிஸ் அபாபா விழுந்தது. பேரரசு பிறந்துவிட்டதாக ரோமின் வெனிசியா சதுக்கத்து மாடத்தில் நின்று முசோலினி முழங்கினார். பிகிலாவுக்கு அப்போது நாலு வயதுகூட நிரம்பவில்லை. அடுத்த வருஷம், ஆக்சும் நகரில் உடைந்து கிடந்த பழங்காலக் கல்தூணின் துண்டுகளை அள்ளி வந்து ரோமில் நிறுத்தினார்கள். உயரம் 24 மீட்டர். நாகரிகமற்றவர்கள் என்று ஏசப்பட்ட மக்களின் முன்னோர் சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் ஒரே கல்லில் செதுக்கியது.

1960 செப்டம்பர் 10, மாலை. மாரத்தான் தொடங்கிய கேபிட்டோலின் குன்று, முசோலினி முழங்கிய அந்தச் சதுக்கத்தை ஒட்டியே இருக்கிறது. எத்தியோப்பிய மன்னரின் காவல்படை வீரரான பிகிலாவுக்கு எண் 11. மொராக்கோவின் ராதி 26ஆம் எண்ணில் ஓடுவார், அவர்மேல் கண் வை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ராதி அணிந்து வந்ததோ 185. தன் தோளோடு தோளாக ஓடுபவர்தான் ராதி என்று தெரியாமல், இன்னும் முன்னால் எங்கோ 26 போகிறது என்று பிகிலா தேடிக்கொண்டே ஓடினார். இருட்டிவிட்டது. பழைய அப்பியன் சாலை ஓரமாகப் படைவீரர்கள் தீப்பந்தம் பிடித்து நின்றார்கள்.

எந்த இடத்தில் முந்த வேண்டும் என்பதை அவரும் நிஸ்கானனும் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தார்கள். அது அந்தக் கல்தூண் நின்ற இடம். அங்கே வேகத்தைக் கூட்டினார். ராதியால் ஒட்ட முடியவில்லை. கான்ஸ்டன்டைன் வளைவுக்கு 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வந்து சேர்ந்தார். உலக சாதனை. ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர்தான். கறுப்பர்களுக்குக் குறுகிய ஓட்டம் வரும், நெடுந்தூரத்துக்கு வேண்டிய தாக்குப்பிடிப்பு கிடையாது என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. அவர்கள் முன்னால் நடந்தது இது. 1964இல் டோக்கியோவில், குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரத்தில், இந்த முறை ஷூவோடு ஓடி மறுபடியும் ஜெயித்தார். ஒலிம்பிக் மாரத்தானை இருமுறை வென்ற முதல் மனிதர்.

தூணைப் பதினெட்டு மாதத்தில் திருப்பித் தருவதாக 1947 அமைதி உடன்படிக்கையில் இத்தாலி ஒப்புக்கொண்டிருந்தது. அது ஆக்சுமுக்குப் போய்ச் சேர்ந்தது 2005இல். பிகிலா இறந்து முப்பத்தொரு வருஷத்துக்கு மேல் ஓடியிருந்தது.

பிகிலாவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆசிரியர்களே, வெறுங்காலோடு நிறுத்தாதீர்கள். அந்தக் கல்தூணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.