மின்சாரம் தரும் பீங்கான்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்)

மின்சாரம் நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். எங்கள் சோமனூர் வட்டாரத்தில் இதைச் சிறு பிள்ளையும் அறியும். எரிபொருளைத் தீயிட்டு எரிக்காமலேயே அதிலிருந்து மின்சாரம் பெறும் கருவி ஒன்று உண்டு. அதுவே எரிபொருள் மின்கலம். 1839ஆம் ஆண்டில் வில்லியம் குரோவ் அதன் முதல் வடிவத்தைச் செய்து காட்டினார். அதன் வகைகளுள் ஒன்று திண்ம ஆக்சைடு மின்கலம். இதன் உயிர்நாடி ஒரு மெல்லிய பீங்கான் தகடு. அத்தகட்டை உருவாக்கும் முறையே இக்கட்டுரையின் பொருளாகும்.

பீங்கானில் மின்னோட்டமா?

மின்கம்பத்தில் பீங்கானைக் கண்ட நமக்கு அது மின்சாரத்தைத் தடுக்கும் பொருள் என்பதே பாடம். ஆனால் சிர்க்கோனியாவுடன் சிறிது இட்ரியா சேர்த்துச் சூடேற்றினால், அது ஆக்சிஜன் அயனிகளைக் கடத்துகிறது. சிர்க்கோனியம் அயனியின் மின்சுமை 4. இட்ரியத்தின் மின்சுமை 3. படிகத்தில் இரண்டு இட்ரியம் அயனிகள் இடம்பிடித்தால், கணக்கு நேராவதற்காக ஓர் ஆக்சிஜன் இடம் காலியாகிறது. பக்கத்து அயனி அங்கே தாவ, அதன் இடம் காலியாகிறது. இப்படித் தாவித் தாவியே காற்றுப் பக்கத்து ஆக்சிஜன் எரிபொருள் பக்கம் சேர்ந்து ஹைட்ரஜனுடன் கூடி நீராகிறது. எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே செல்ல இயலாமல் வெளிக்கம்பி வழியே சுற்றி வருகின்றன. அதுவே நமக்கு மின்சாரம்.

இட்ரியாவால் இன்னொரு பயனும் உண்டு. தூய சிர்க்கோனியா சூடேறி ஆறும்போது படிக அமைப்பு மாறி, பருத்து, வெடித்துவிடும். நூறு மூலக்கூறுகளுக்கு எட்டு என்ற அளவில் இட்ரியா கலந்தால் இம்மாற்றம் நிகழாது.

மணலிலிருந்து தகடு வரை

சிர்க்கோனியாவின் மூலப்பொருள் சிர்க்கான் என்னும் கடற்கரை மணல். நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் அது பிரித்தெடுக்கப்படுகிறது. மணலை எரிசோடாவுடன் உருக்கி, சிலிக்காவை நீக்கி, அமிலத்தில் கரைக்கின்றனர். அக்கரைசலில் இட்ரியம் உப்பைக் கலந்து அம்மோனியா சேர்த்தால் இரண்டும் ஒன்றாக வீழ்படிகின்றன. தனித்தனிப் பொடிகளை அரைத்துக் கலப்பதைவிட இவ்வழியில் கலவை சீராக அமையும். வீழ்படிவைக் குளோரைடு போகும்வரை கழுவி, உலர்த்தி, சுட்டு, நுண்பொடியாக அரைக்கின்றனர்.

அடுத்தது தகடு வார்த்தல். பொடியைக் கரைப்பானிலும் பிசினிலும் குழைத்துத் தோசை மாவுப் பதத்தில் ஒரு படலத்தின்மேல் ஊற்றி, கத்தி விளிம்பால் ஒரே கனமாக இழுத்து உலர்த்துகின்றனர். பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதை நாம் அறிவோம். தறியில் அறாமலிருக்கப் போடும் கஞ்சியைப் பின்னர் சாயப்பட்டறையில் நீக்கிவிடுவார்கள். பிசினும் அத்தகையதே. சூளையில் மெல்ல மெல்லச் சூடேற்றி அதைப் போக்க வேண்டும்; அவசரப்பட்டால் வாயு பீறிட்டுத் தகடு விரியும்.

பின்னர் ஏறக்குறைய 1400 டிகிரி செல்சியசில் சுடுகின்றனர். துகள்கள் ஒன்றோடொன்று இறுகி, தகடு நீள அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுருங்குகிறது. ஊசித்துளை ஒன்று இருந்தாலும் வாயுக்கள் கலந்துவிடும். கனம் கூடினாலோ அயனிகளுக்குத் தடை மிகும். ஆதலால் எரிபொருள் பக்க மின்வாயின்மேல் பத்து மைக்ரான் அளவே படியவைக்கும் முறையும் உண்டு. அது தலைமுடியைவிட மெல்லியது. ஒரு கலம் தருவது ஏறத்தாழ ஒரு வோல்ட்டே. எனவே பலவற்றை அடுக்குகின்றனர். இயங்க 700 முதல் 1000 டிகிரி வெப்பம் தேவைப்படுவதே இதன் பெருங்குறை.

நமக்கு என்ன?

திருச்சி மண்டலப் பொறியியற் கல்லூரியில் பயின்ற கே. ஆர். ஸ்ரீதர் 2001இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம், இன்று புளூம் எனர்ஜி என்னும் பெயரில் திண்ம ஆக்சைடு மின்கலங்களை விற்கிறது. கொல்கத்தாவிலுள்ள மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையமும் இவற்றை ஆராய்ந்துள்ளது. தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலில் அணுமின் துறைக்காகச் சிர்க்கோனியம் ஆக்சைடு தயாரிக்கும் ஆலையும் இருக்கிறது.

எங்கள் ஊரில் பெரும்பாலோர் பிறர் தரும் பாவைக் கூலிக்கு நெய்கின்றனர். காடாத் துணியாக அது வெளியேறுகிறது. சாயமேறித் தைக்கப்பட்ட பின்னரே அதற்கு விலை கூடுகிறது. மணலுக்கும் இதே கதைதான். மணலாக விற்றால் மணலின் விலை; குற்றமற்ற தகடாக்கினால் அறிவின் விலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப்படி ஏறிய முதல் ஆள் நான். என் போன்றோர் ஆய்வகத்தில் வடிகட்டுவதும் கழுவுவதும் சுடுவதும் வெறும் மதிப்பெண்ணுக்காக அல்ல. அந்த விலையை நம் கையில் சேர்க்கும் தொழிலின் முதற் பாடம் அதுவே எனக் கொள்வோமாக!